ராத்தா போட்ட இரண்டு ஊசிகள்

நான் ஆஸ்பத்திரியில் சீ.ரி. ஸ்கேன் எடுக்கிறவன். கல்முனைக் கரையில் பிறந்து, அதே கரையில் கலியாணம் முடித்து, இருபது வருடங்களாக இந்தக் கரையின் ஆட்களை உள்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிப்பக்கம் எனக்கு அவ்வளவாக ஞாபகத்தில் நிற்பதில்லை. கடைத்தெருவில் ஒருவர் சலாம் சொல்வார். யாரென்று தெரியாமலே பதில் சலாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, அட, அந்தச் சிறுநீரகக் கல், என்று நினைவு வரும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். நானும் போனேன். வீடு மனைவியின் பெயரில் இருக்கிறது. கட்டியது அவளுடைய தகப்பன்; அவளுக்கு வாப்பா, எனக்கு மாமா. குடியிருப்பது நான். மாமி மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு மாமாவும் எங்களோடுதான் இருக்கிறார். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சாய்ந்தமருதிலிருந்து அட்டாளைச்சேனை வரைக்கும் அவரிடம் கணக்குக்கு அடி வாங்கிய ஆள் ஒருவராவது இல்லாத வீடு குறைவு என்று சொல்ல வந்தேன். வாங்காத ஆள்தான் குறைவு. அவருக்குப் புள்ளிகளில் நம்பிக்கை. மாம்பழம் சாப்பிட்டால்கூட நூற்றுக்கு எழுபத்திரண்டு என்பார். எனக்கு எத்தனை போட்டிருக்கிறார் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

கொரோனாவின் இரண்டாவது வருடம் ஆட்கள் மிகவும் பயந்தார்கள். நோய்க்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு. அங்கே போய் மௌத்தானால் மையித்து, அதாவது உயிர் போன உடல், வீட்டுக்கு வராது, குளிப்பாட்டக் கிடைக்காது, தூரத்தில் ஒரே ஓர் இடத்தில் கொண்டுபோய் அடக்கிவிடுவார்கள். அதற்கு முந்திய மாதங்களில் அரசாங்க உத்தரவின்படி எரித்தும் இருந்தார்கள். ஆகவே வீட்டிலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கொத்தமல்லி அவித்துக் குடித்து, உதடு நீலமான பிறகு கொண்டுவருவார்கள். அப்படி வருகிறவர்களைத்தான் நான் ஸ்கேன் மேசையில் படுக்கவைத்தேன்.

நெஞ்சை ஸ்கேன் செய்யும்போது மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். இயந்திரம் அதை ஆங்கிலத்தில் சொல்லும். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து "ஆ?" என்று கேட்பார்கள். அந்த ஆவோடு பிடித்த மூச்சும் போய்விடும். ஆகவே இயந்திரத்தின் வாயை அடைத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் நானே சொல்லுவேன். "மூச்ச இழுங்க. புடிங்க. உடாதீங்க." பிடிப்பதற்கு அவர்களிடம் மூச்சு இருந்தால் அல்லவா!

சுகமான நெஞ்சு திரையில் கறுப்பாகத் தெரியும். உள்ளே இருப்பது காற்று. நோய் பிடித்த இடம் வெள்ளை. முதலில் ஓரங்களில், முதுகுப் பக்கமாக, அடியில், கண்ணாடியில் வாயால் ஊதினால் படிகிற ஆவி போல மங்கலாக வரும். பிறகு தடித்து உள்ளே ஏறும். படத்தைப் பார்த்து முடிவு சொல்கிற டொக்டர் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை, வேறு ஊரில் இருந்தார். படங்கள் கணினி வழியே அவருக்குப் போகும். அவர் நெஞ்சை ஐந்து பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் நோய் எவ்வளவு என்று பார்த்து, மொத்தமாக இருபத்தைந்துக்குப் புள்ளி போட்டு அனுப்புவார்.

இந்தப் புள்ளி பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. ஆசிரியர்களும் ரியூசன் வகுப்புகளும் நிறைந்த ஊர்களில், கூடின புள்ளி கூடாது என்பதை ஒருவருக்கு விளங்கப்படுத்துவது லேசான காரியமல்ல. ஒரு குடும்பம் இருபத்திரண்டு என்று கேட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றது. இன்னொருவருக்கு நான்கு. அவர் மகனுக்கு முன்னால் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு தரப்புக்கும் விளங்கப்படுத்தினேன். இரண்டாமவர் மட்டும் நம்பினார்.

அந்த நேரத்தில்தான் தடுப்பூசி வந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டார்கள். டொக்டர் எனக்கு ஒரு வேலை சொன்னார். ஸ்கேனுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஊசி போட்டவரா, எத்தனை போட்டவர் என்று கேட்டு, விண்ணப்பக் கடுதாசியின் மூலையில் எழுதி அனுப்ப வேண்டும். எழுதினேன். சில வாரங்களில் அந்த மூலைக்கும் படத்துக்கும் ஏதோ உறவு இருப்பது எனக்கே தெரியத் தொடங்கியது. இரண்டு ஊசியும் போட்டு, நாளும் கழிந்தவர்களில் பலருக்கு நெஞ்சு கறுப்பாகவே இருந்தது. சிலருக்கு ஓரத்தில் இரண்டு மூன்று மங்கல். மேலிருந்து கீழ் வரை வெள்ளையாக வந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றும் போடாதவர்கள். எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். வயது இருக்கிறது, சீனி வருத்தம் இருக்கிறது. ஆனால் கடுதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்து, இவர் போட்டவர், இவர் போடாதவர் என்று எனக்குள் சொல்லிப் பார்ப்பேன். அநேகமாகச் சரியாக இருக்கும்.

மாமா ஊசி போடவில்லை. மனைவியும் நானும் போட்டிருந்தோம். கேட்டால், "இன்னும் தரவு காணாது, மருமகன்" என்பார். ஆகவே நான் தினமும் மதியச் சோற்றோடு தரவு கொண்டுவந்தேன். பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், போட்டவருக்கு இத்தனை, போடாதவருக்கு இத்தனை என்று சொல்லுவேன். மாமா மீனில் முள் எடுத்தபடி கேட்பார். ஒரு புதன்கிழமை கையைக் கழுவிவிட்டு வந்து, "சரி. வாற ஞாயிறு போவம்" என்றார். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் மாமா என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ராத்தாவைக் கொண்டுவந்தார்கள்.

ராத்தா எங்கள் அடுத்த ஒழுங்கையில் இருப்பவர். மாமாவுக்குத் தூரத்துச் சொந்தம். வயது எழுபதுக்குக் கிட்ட. தெருவே அவரை அக்கா முறை வைத்து ராத்தா என்றுதான் கூப்பிடும். அதற்கு முந்திய வருடம் உம்ராவுக்கு மக்கா போக வெளிக்கிட்டுப் பெட்டியெல்லாம் கட்டின பிறகு விமானங்கள் நின்றுபோய், வீட்டிலேயே நின்றுவிட்டவர். மேசையில் படுக்கவைக்கும்போது குனிந்து கேட்டேன்.

"ராத்தா, ஊசி போட்டீங்களா?"

"ஓம் மகன்," என்றார். ஒரு மூச்சு எடுத்தார். "ரெண்டும் போட்டன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அவருடைய மகள் ஓர் அட்டையை உயர்த்திக் காட்டினார். நான் தலையிலிருந்து கால் வரை பிளாஸ்டிக் உடுப்புக்குள் இருந்தேன். கண்ணுக்குப் போட்டிருந்த கவசக் கண்ணாடியில் என்னுடைய மூச்சே ஆவியாகப் படிந்திருந்தது. அட்டை இருப்பது தெரிந்தது. தலையை ஆட்டினேன். கடுதாசியின் மூலையில் இரண்டு என்று எழுதினேன்.

படம் வெள்ளை. இருபத்தொன்று. கொஞ்ச நேரத்தில் டொக்டர் போன் எடுத்தார்.

"ரெண்டு ஊசியும் போட்ட ஆளா? ஊசிக் காட் பாத்தீங்களா?"

"ஓம் டொக்டர், பாத்தன்."

பார்த்தது உண்மை. வாசித்தேனா என்று அவர் கேட்கவில்லை.

எனக்கு வாய் நிற்காது. அது என்னுடைய பெரிய குறை. மதியம் சோற்றில் கையை வைத்ததும் சொன்னேன். "ரெண்டு ஊசியும் போட்ட ஆளுக்கு இண்டைக்கு இருபத்தொண்டு, மாமா. எனக்கு ஒண்டும் விளங்கல்ல." பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அம்புலன்ஸ் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போயிருந்தது.

மாமா கறிக்கிண்ணத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"அப்ப ஞாயிறு தேவல்ல," என்றார்.

"மாமா, ஒரு ஆள வெச்சி அப்பிடிச் சொல்ல ஏலா."

"ஒரு விதியப் பொய்யெண்டு காட்ட ஒரு உதாரணம் காணும், மருமகன்."

"வாப்பா, இது கணக்கில்ல. இது நெஞ்சு," என்றாள் மனைவி.

"ரெண்டு ஊசி போட்டவக்கி இருபத்தொண்டு. போடாத நான் இன்னும் பரீட்சையே எழுதல்ல," என்று சொல்லிவிட்டு மாமா எழுந்து கை கழுவப் போனார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் படத்தை என் கண்ணால் பார்த்திருந்தேன். சொன்னதும் நான்தான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னமே கதை எங்கள் மதிலைத் தாண்டிவிட்டது. நாலு நாளில் ஊரைத் தாண்டியது. இறக்காமத்திலிருந்து வந்த ஒரு நெல் வியாபாரி அதை எனக்கே புதினமாகச் சொன்னார். அவருடைய கதையில் ராத்தா போட்ட ஊசி மூன்று.

மூன்று வாரம் கழித்து நோய் எங்கள் வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தது நானாகத்தான் இருக்கும்; வேறு யாரும் வெளியே போகவில்லை. எனக்கு இருமல், உடம்பு நோவு. மனைவிக்கு ஒரு நாள் காய்ச்சலும், மீன் பொரிக்கிற மணம் தெரியாமல் போனதும். மாமாவுக்கு முதல் நாலு நாள் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் சாய்ந்தபடிதான் இருந்தார். ஆறாம் நாள் வசனத்தை முடிக்க முடியவில்லை. விரலில் மாட்டுகிற ஒட்சிசன் மீற்றர் எண்பத்தாறு காட்டியது. மாமா அதை எட்டிப் பார்த்து, "எண்பத்தாறு நல்ல புள்ளிதானே" என்றார். பகிடியா என்று முகத்தில் தெரியவில்லை. மனைவி அழுதாள். அம்புலன்ஸ் வேண்டாம் என்று அவர் தலையை ஆட்ட ஆட்ட நான் போன் எடுத்தேன்.

எனக்கும் இருமல் நிற்காததால் இரண்டு பேரையும் ஸ்கேனுக்கு எடுத்தார்கள். இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்த மேசையில் நான் படுத்தேன். எனக்குப் பதிலாக வேலைக்கு நின்றவர் மைக்கில் மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். பிடித்தேன். மாமாவுக்கும் அதையே சொன்னார். மாமா இழுத்தார். அவ்வளவுதான்.

படங்கள் என்னுடைய போனுக்கு வந்தன. ஒரே வீடு, ஒரே சோற்றுப் பானை, ஒரே வாரம். என் நெஞ்சில் இடது பக்க அடியில் விரல் நுனி அளவு ஒரு மங்கல், இருபத்தைந்துக்கு இரண்டு. மாமாவுக்குப் பத்தொன்பது. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. மாமாவின் படத்தில் பெயரை மறைத்துவிட்டுக் காட்டியிருந்தால் அதை நான் ராத்தாவின் படம் என்றே சொல்லியிருப்பேன்.

டொக்டரும் அதையேதான் போனில் சொன்னார். "போட்ட நீங்க இப்பிடி, போடாத அவர் அப்பிடி. இது நான் எதிர்பாத்தது. அந்த அம்மாட கேஸ் மட்டுந்தான் இடிக்குது. அந்தக் காட்ட ஒருக்கா வாங்கி வாசிங்க."

வாசிங்க என்றார். இந்த முறை சரியான சொல்லைப் பிடித்துவிட்டார்.

ராத்தா அப்போது ஒட்சிசனிலிருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மகளுக்குப் போன் எடுத்தேன். மகள் அட்டையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். ராத்தாவின் பெயர் இருந்தது, பாஸ்போட் இலக்கம் இருந்தது, இரண்டு முத்திரைகளும் இருந்தன. ஒன்று மூளைக்காய்ச்சல் ஊசி. மற்றது சாதாரண சளிக்காய்ச்சல் ஊசி. இரண்டும் உம்ராவுக்குப் போகிறவர்களுக்குப் போடுகிறவை. போட்ட நாள், கொரோனா என்ற பெயரையே ஊரில் யாரும் கேள்விப்படாத காலம்.

"உம்மாதான் இதக் காட்டச் சொன்னா," என்றார் மகள். "ஊசிக் காட் எண்டா இதுதானே எங்கிட்ட இரிக்கி. ஊசி போட்டாச்சா எண்டு வீட்ட வந்து கேட்டவங்களுக்கும் ரெண்டும் போட்டுட்டன் எண்டுதான் சொன்னா. அவங்களும் போயிட்டாங்க."

ராத்தா பொய் சொல்லவில்லை. அவரிடம் போட்டீங்களா என்று கேட்டார்கள், ரெண்டும் போட்டன் என்று சொன்னார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய முதல் ஆள் நான். எழுத்து வாசிக்கத் தெரிந்த, அதற்கென்று சம்பளம் வாங்குகிற ஆள்.

டொக்டருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "ரெண்டு இல்ல டொக்டர். பூச்சியம்." அவர் "இப்ப சரி" என்றார். குரலில் சந்தோசம் இருந்தது. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. விளங்காத ஒரு படம் அவருக்கு விளங்கிவிட்டது. இரண்டு கட்டில் தள்ளி மாமா கவிழ்ந்து படுத்து, மூக்கில் குழாயோடு, கடலில் அலை எண்ணுகிறவர் போல ஒவ்வொரு மூச்சையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் படுத்திருந்தேன்.

மனைவியிடம் அன்றே போனில் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

"வாப்பா வந்து சேரட்டும்," என்றாள். "மறுகா நீங்களே சொல்லுங்க."

மாமா வருவாரா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நான் சுகமாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் அவர் வார்டில்தான் இருந்தார். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முன்னர் வார்டு வாசலில் நின்று, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஏறி இறங்கினால் போய் ஆட்களை மேசையில் படுக்கவைப்பேன். அட்டை காட்டுகிற ஒவ்வொருவரிடமும் அதைக் கையில் வாங்கி, பெயரிலிருந்து முத்திரை வரைக்கும் வாசித்தேன். என்னால் வரிசை நீண்டது. ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

மாமா வந்து சேர்ந்தார். சாறனை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டிய அளவுக்கு மெலிந்திருந்தார். டொக்டர்மார் சொல்லிய காலம் கழிந்ததும், ஒருவரும் கேட்காமல், தானே பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் அவரை ஸ்கேன் எடுத்தேன். வெள்ளை போயிருந்தது. ஆனால் அடிப்பக்கம் முழுக்கக் கோடு கோடாகத் தழும்பு. அது இனிப் போகாது என்று டொக்டர் எழுதியிருந்தார். பள்ளிவாசலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த மனிதர் இப்போது ஆட்டோவில் போய், கதிரையில் இருந்து தொழுகிறார்.

ரிப்போட்டை அவரிடம் கொடுத்த அன்று சொல்லிவிட்டேன். மனைவி சமையலறையில் நின்றாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது பாத்திரச் சத்தம் நின்றதில் தெரிந்தது.

"மாமா, ராத்தா போட்டது உம்ரா ஊசி. கொரோனா ஊசி இல்ல. நான் அந்த ஊசிக் காட்ட வாசிக்காம ரெண்டெண்டு எழுதிட்டன். வாசிச்சிருந்தா நீங்க அந்த ஞாயிறு போயிருப்பீங்க. உங்கட நெஞ்சும் இப்பிடி ஆகியிராது."

மாமா ரிப்போட்டை மடித்தார்.

"எனக்குத் தெரியும், மருமகன்."

"எப்பிடி?"

"அண்டைக்கே ராத்தாக்குப் போன் எடுத்துக் கேட்டன். உம்ராக்குப் போட்டது எண்டு அவவே சொன்னா." மூச்சு வாங்க நிறுத்தினார். "ஊசி எண்டா எனக்குச் சின்ன வயசில இரிந்து பயம். புள்ளைக்கு முன்னால சொல்ல வெக்கம். உங்கட கதை எனக்குப் போகாம இரிக்க நல்ல சாட்டாப் போச்சி. நீங்க ஒண்டையும் மனசில வெக்காதீங்க."

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அன்று மதியம் நான் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். இவ்வளவு பெரிய மனிதருக்கு ஊசிப் பயமா என்று மனைவியிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. வாப்பாவுக்கு ஊசிப் பயம் இருந்தது எனக்குத் தெரியாதே என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்ச நாளில் விமானங்கள் ஓடத் தொடங்கின. ராத்தா உம்ராவுக்குப் போகப் பதிந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு மனைவி வட்டிலப்பம் செய்து என்னிடம் கொடுத்து அனுப்பினாள். ராத்தா தேறியிருந்தார். இந்த முறை போடவேண்டிய எல்லாவற்றையும் போட்டுவிட்டதாகச் சொல்லி அட்டைகளை மேசையில் பரப்பினார். நான் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்தச் சந்தோசத்தில் சொன்னேன்.

"மாமாதான் கெட்டிக்காரன், ராத்தா. நாங்கெல்லாம் ஏமாந்த நேரம் அவரு அண்டைக்கே உங்களுக்குப் போன் எடுத்துக் கேட்டுப் புடிச்சிட்டாரே."

"எனக்கா? எப்ப?"

"உங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்டைக்கு."

"அல்லாஹ்வே, அண்டைக்கு எனக்கு ஆருக்கும் சலாம் சொல்லக்கூட மூச்சில்ல மகன். ஒரு மாசமா ஒட்சிசன் மாஸ்க்கோட கிடந்தன். போன் மகள்ற கையில." அவர் உள்ளே திரும்பி மகளிடம் கேட்டார். இல்லை, மாமா எடுக்கவேயில்லை என்று மகள் சொன்னார். "அதானே," என்றார் ராத்தா. "சொந்தக்காரன், ஒரு சுகம்கூட விசாரிக்கல்லயே எண்டு எனக்கு இன்னும் மனவருத்தம். நீங்க சொல்லாதீங்க அவருக்கிட்ட."

நான் சொல்லவில்லை. ஒழுங்கையால் திரும்பி நடந்து வரும்போது என் கண் கலங்கியிருந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

மாமா முன்வாசலில் கதிரையில் இருந்தார்.

"ராத்தா எப்பிடி?"

"சுகம், மாமா. அடுத்த மாசம் போறாவாம்."

"என்ன கதைச்சீங்க?"

"ஒண்டுமில்ல. ஊசிக் காட்டெல்லாம் காட்டினா. வாசிச்சன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அவர் எனக்காகச் சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு அது ஒருவருக்கும் உதவாது. ஆகவே பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "இப்ப ஊசிக்குப் பயமில்லயா, மாமா?" என்று கேட்டேன்.

"குறைஞ்சிரிக்கி," என்றார்.

மேலும் ஏதோ சொல்ல வந்தார். மூச்சு போதவில்லை. பொறுங்க என்று கையைக் காட்டினார். நான் பொறுத்திருந்தேன்.